மேடையில் சொல்ல முடியாமல் போன நன்றி

அன்புக்குரிய ஐயாவுக்கும், நூலகர் அக்காவுக்கும், பாட்டிக்கும், தம்பிக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பள்ளி வளாகத்தில் உங்கள் நால்வருக்கும் ஊரார் சார்பில் பொன்னாடை போர்த்தினோம். உங்களைப் பற்றிப் பேச எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லோருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஊரார் அனைவரும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டபடி யார் பெயரையும் எழுதவில்லை.

அக்கா, ஊரின் பழைய கல்லெழுத்தைத் தேடிப் படிக்கும் இந்த வேலையெல்லாம் உங்கள் கேள்வியில்தான் தொடங்கியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் போட்டித் தேர்வுக்கான புத்தகம் தேடி உங்கள் ஊர்ப்புற நூலகத்துக்கு வந்தேன். உறுப்பினர் படிவத்தில் என் ஊரைப் பார்த்ததும், "உங்கள் ஏரிக்கரையில் ஒரு வேடியப்பன் கல் இருக்கிறதே, அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டீர்கள். பிறந்தது முதல் வேடியப்பன் சாமி என்று நான் கும்பிட்ட கல் அது. அதில் எழுத்து இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அன்று மாலை நேராக ஏரிக்கரைக்குப் போனேன். மஞ்சளுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அடியில், வில் ஏந்திய வீரனின் தலைக்கு மேல், கோடுகள் தெரிந்தன.

1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அங்கே கல்லூரியில் தமிழ் கற்பித்த உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் ஐயர் ஏடு தேடி அலைந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பதிப்பித்தவரை நாடு அறியும். கேட்டவரை அவ்வளவு பேர் நினைப்பதில்லை. எனக்கு நீங்கள்தான் அந்த முன்சீப், அக்கா. கேட்டதோடு நீங்கள் நிற்கவும் இல்லை. இறந்த வீரர்களுக்கு எழுப்பிய நடுகற்களைப் பற்றி 1972இல் தொல்லியல் துறை வெளியிட்ட "செங்கம் நடுகற்கள்" தொகுப்பை எங்கிருந்தோ தேடி வரவழைத்து, "கிழியாமல் கொண்டு வாருங்கள்" என்று என் கையில் கொடுத்தீர்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிற நாம், அந்தப் பணத்துக்கு எப்படிப்பட்ட ஒருவர் கிடைத்திருக்கிறார் என்பதை உணர்ந்திருக்கிறோமா என்று தெரியவில்லை.

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? ஓய்வுபெற்ற தமிழாசிரியரான உங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் கல்வெட்டு வகுப்பு நடந்தது. தொடங்கும்போது பதினொரு பேர். நான்காவது வாரம் மூன்று பேர். மூவருக்காகவும் நீங்கள் அதே வெள்ளைச் சட்டையில், அதே கரும்பலகையோடு காத்திருந்தீர்கள். பழைய கோயில் சுவர்களில் எழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும், ரகரத்துக்கும் நெடில் குறியான காலுக்கும் வேறுபாடு தெரியாது, பொருளை வைத்துத்தான் எழுத்தைப் பிரிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, இத்தனை நாள் நான் படித்தது படிப்பே இல்லை என்று தோன்றியது. ஒரு சொல்லை அடையாளம் காண அதன் முன்னும் பின்னும் இருக்கிற வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டும். நிலம் அளந்த முறை, ஏரிக்கு மதகு வைத்த முறை, மாடு கவர்ந்த சண்டைகள் எல்லாவற்றையும் அந்தத் திண்ணையில்தான் கற்றேன்.

திருக்கோவிலூர் அருகே உள்ள ஜம்பைக்கு எங்களை அழைத்துப்போன நாளையும் மறக்கவில்லை. தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில், 1981இல் அங்கே கண்டறியப்பட்ட கல்வெட்டில் இருப்பது ஒரே வரி: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி." சதியபுத்திரனான அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று பொருள். அசோகரின் கல்வெட்டு குறிப்பிடும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டுக்கொண்டிருக்க, விடை இந்தக் குகையில் இருந்திருக்கிறது. பாடலில் மட்டும் அறிந்திருந்த அதியமானின் பெயரைக் கல்லில் பார்த்தபோது என் கை நடுங்கியது. நீங்கள் பேசாமல் தள்ளி நின்றுகொண்டீர்கள். அதற்கும் நன்றி.

நம் கல்லுக்கு மைப்படி எடுத்த நாளுக்கு வருகிறேன். முதலில் பூசாரியிடம் அனுமதி கேட்டீர்கள், செருப்பைக் கழற்றினீர்கள். "வேடியப்பன் என்று கும்பிட்டதால்தான் இந்தக் கல் துவைகல்லாகப் போகாமல் நின்றது, காப்பாற்றியவர்கள் இவர்கள்தான்" என்று எங்களிடம் சொன்னீர்கள். பிசுக்கைக் கழுவ அரை நாள் ஆயிற்று. ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி, மை ஒற்றியதும், கறுப்பில் வெள்ளையாக எழுத்துகள் எழுந்தன. உங்களுக்கு ஒரே பார்வையில் புரிந்திருக்கும். ஆனாலும் நீங்கள் வாய் திறக்கவில்லை. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வெயிலில் எங்களோடு குந்தியிருந்தீர்கள். "தொறு" என்று நான் கூட்டிப் படித்ததும் தலையசைத்தீர்கள். பிறகு மீதியும் வந்தது: தொறு மீட்டுப் பட்டான் கல். பிறர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கு எழுப்பிய கல். பூசாரி அதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் எங்கள் சாமி நம் ஊர் மாட்டுக்காகச் செத்தவரா?" என்று கேட்டுக் கண் கலங்கினார். அவருடைய சாமி அன்று சிறிதும் குறையவில்லை.

எடுத்தனூர் நடுகல்லைப் பற்றி நீங்கள் சொன்னதும் அந்த நிழலில்தான். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில் எருமைகளைக் காத்து மடிந்த ஒருவனுக்கு எடுத்த கல். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் அதில் பெயரோடு செதுக்கியிருக்கிறார்கள். சுமார் 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் நன்றியை ஒரு கல் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் ஒரு மேடையில் நான்கு பேருக்கு நன்றி சொல்ல முடியாமல் இறங்கினேனே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

பாட்டி, நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்ய வந்தபோது முதலில் எங்களைத் துரத்தினீர்கள். அடுத்த வாரம் நீங்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டீர்கள். தம்பி உங்கள் சொற்களைத் திருத்தி எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, "நான் பாடியதை எழுது, நீ படித்ததை எழுதாதே" என்றீர்கள். நாற்பத்திரண்டு பாட்டுகள், ஒன்றையும் நாங்கள் திருத்தவில்லை.

தம்பி, பகலில் கைப்பேசி பழுதுபார்த்துவிட்டு இரவில் பழைய நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறாய். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்களைப் போல, யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியாமலே உழைக்கிறாய். உன் கண்களையும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

இதெல்லாம் சோறு போடுமா என்று ஊரில் பலர் கேட்டார்கள். நேர்மையாகச் சொல்கிறேன்: எனக்குப் போடவில்லை. இன்றும் அரிசி ஆலையில் கணக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் சாலையை அகலப்படுத்த அந்தக் கல்லைப் பெயர்த்துப்போட வந்தபோது, கிராம சபையில் எழுந்து நின்று மைப்படியை விரித்துக் காட்டி, அதில் இருப்பதை ஊருக்கே படித்துக் காட்ட என்னால் முடிந்தது. எனக்குப் பின்னால் பூசாரி எழுந்தார், பிறகு பெண்கள் எழுந்தார்கள். கல் இப்போது இருபதடி தள்ளி, மேடை கட்டி, பூசாரியின் கையாலேயே நடப்பட்டு நிற்கிறது.

பாட்டி காட்டிய இரண்டாவது கல் கொல்லையில் பாதி புதைந்து கிடக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போகிறோம். குடங்களும் தூரிகையும் நான் எடுத்துவருகிறேன். தாளும் மையும் தம்பியிடம் இருக்கின்றன. ஐயா, முழங்கால் வலி குறைந்திருந்தால் மட்டும் வாருங்கள். இல்லையென்றால் படியெடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுகிறோம். இந்த முறையும் நாங்கள் படிக்கும்வரை காத்திருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் ஞாயிற்றுக்கிழமை மாணவன்