பழைய டர்போ கார் வாங்கும்போது முதலில் ஆயில் பில்லைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார் வாங்குவோருக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ஒரு யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு லிட்டர், 1.2 லிட்டர் இன்ஜினில் டர்போ (வெளியேறும் புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) பொருத்திய பெட்ரோல் கார்கள் பக்கமே போக வேண்டாம், சின்ன இன்ஜினைக் கசக்கிப் பிழிந்து சக்தி எடுப்பதால் அவை நாள்படாது என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். மோட்டார் மெக்கானிக் வகுப்பில் பல காலம் பாடம் நடத்தியவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகள் இன்று நெல்லையிலும் அம்பாசமுத்திரத்திலும் பட்டறை வைத்திருக்கிறார்கள். அங்கே பழுதாகி வந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கார்கள் ஏன் இவ்வளவு பெருகின என்பதை முதலில் பார்க்க வேண்டும். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு 2006 மத்திய பட்ஜெட் வரியைக் குறைத்தது. அந்த வரம்புக்குள் கூடுதல் சக்தி வேண்டுமென்றால் டர்போதான் வழி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் சிறிய டீசல் கார்கள் ஒவ்வொன்றாக நின்றன. நெக்ஸான், வென்யூ, சோனெட், மேக்னைட் என்று டர்போ பெட்ரோல் கார்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அன்று புதிதாக வாங்கப்பட்டவை இன்று பைபாஸ் ஓரத்துப் பழைய கார் நிலையங்களில் விற்பனைக்கு நிற்கின்றன. முதல் கார் வாங்க வரும் குடும்பத்துக்குக் கையிலிருக்கும் பணத்தில் கிடைப்பது பெரும்பாலும் இவைதான். அவர்களிடம் "தொடாதே" என்று சொல்வதால் என்ன பயன்? எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்றல்லவா சொல்ல வேண்டும்!

சிறிய இன்ஜினில் டர்போ நிலைக்காது என்பதை நம் டாக்சி ஓட்டுநர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2007இல் ஸ்விஃப்ட்டிலும் பிறகு இண்டிகா விஸ்டாவிலும் வந்த 1,248 சி.சி. டீசல் இன்ஜினும் டர்போ இன்ஜின்தான். செங்கோட்டைக்கும் கன்னியாகுமரிக்கும் சவாரி அடித்தே அதில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியவர்கள் நம் ஊரில் உண்டு. ஆனால் பெட்ரோல் இன்ஜினின் புகை டீசலைவிட மிகச் சூடானது, 900 டிகிரி செல்சியஸையும் தாண்டும். டீசல் டர்போ பொறுத்துக்கொண்ட அலட்சியத்தைப் பெட்ரோல் டர்போ பொறுக்காது.

அந்த அலட்சியம் முக்கியமாக ஆயில் விஷயத்தில் நடக்கிறது. சிறிய டர்போ ஒன்று வேகமெடுக்கும்போது நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதன் அச்சைத் தாங்குவது, முடியை விட மெல்லிய ஓர் ஆயில் படலம். ஒருபுறம் நெருப்பாகக் கொதிக்கும் புகை, மறுபுறம் காற்று, நடுவில் இந்த ஆயில். அது பழையதாகி நீர்த்துப்போனால் அச்சு தேயும். சூட்டில் கருகினால் கரியாகி, டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் சிறு குழாயை அடைக்கும். பிறகு நீலப்புகை, ஊளைச் சத்தம், இழுவைக் குறைவு என்று ஒவ்வொன்றாக வரும்.

பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று கையேட்டில் இருப்பதைப் பலரும் படிக்கிறார்கள். அதே கையேட்டில், சற்றுத் தள்ளிச் சிறிய எழுத்தில், கடினமான சூழலில் ஓடும் வண்டிக்கு அதைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்றும் இருக்கும். புழுதி, கடும் வெயில், குறுகிய தூர ஓட்டம், மலை ஏற்றம் ஆகியவையே அந்தக் கடினமான சூழல். நம் மாவட்டத்துக்கு இதில் எது பொருந்தவில்லை? திசையன்விளைப் பக்கம் தேரி மணல். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி ஆடியில் வீசும் காற்றில் வள்ளியூர், பணகுடி வரை பறக்கும் தூசி. பாளையங்கோட்டை வீட்டிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை போய்வந்து, இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நின்றுவிடும் கார்கள். அப்படிப்பட்ட ஓட்டத்தில் எரியாத பெட்ரோல் கசிந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் அளவு குறையாமல் இருப்பதைக் கண்டு நிம்மதி அடைகிறவர்கள், அளவு கூடியிருந்தாலும் கோளாறுதான் என்று அறிய வேண்டும். நம் ஊர் டர்போ காருக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அதுவே ஆயில் மாற்றும் கணக்கு என்பது என் உறுதியான கருத்து. ஏர் ஃபில்டரையும் ஆடிக்காற்று முடிந்ததும் பார்த்துவிட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் நல்ல பளபளப்பான கார் ஒன்றை வாங்கினார். ஓடிய தூரம் குறைவு, பெயின்ட் புதிது போல இருந்தது. சில மாதங்களில் டர்போ போனது. ஒரு பட்டறையில் பெரும் செலவு செய்து புதிய டர்போ மாட்டினார்கள், அதுவும் போனது. என் மாணவர் பிரித்துப் பார்த்தபோது ஆயில் குழாயில் கரி அடைத்திருந்தது, இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் வடிகட்டியில் பிசின் போலக் கசடு. அந்தக் குழாயையும் வடிகட்டியையும் மாற்றாமல் எத்தனை டர்போ மாட்டினாலும் நிலைக்காது. முந்தைய உரிமையாளர் ஓராண்டுக்கு ஒருமுறைகூட ஆயில் மாற்றாதது சர்வீஸ் மையத்தில் விசாரித்த பிறகே தெரிந்தது. குறைந்த தூரம் ஓடிய கார் என்பதுதான் அந்த அம்மாவை ஏமாற்றியது.

ஆகவே, வாங்கப் போகிறவர்கள் ஓடிய கிலோமீட்டரைக் கேட்கும் முன் ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். தேதி, ஓடிய தூரம், ஆயிலின் தரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் வேறு கார் பாருங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய், உங்கள் முன்னால் முதல்முறையாக ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளே கறுத்த கசடு இருக்கிறதா என்று பாருங்கள். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் லேசான ஆயில் ஈரம் இருப்பது இயல்பு, சொட்டினால் இயல்பல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் நெல்லை ஜங்ஷனையும் கொக்கிரகுளத்தையும் மூழ்கடித்ததை மறந்துவிடக் கூடாது. அதற்கு முன்பே நம் பகுதியில் ஓடிய கார் என்றால், இன்சூரன்ஸ் இழப்பீட்டு விவரத்தையும் கேட்டே ஆக வேண்டும்.

கட்டுரையாளர் எச்சரித்ததில் ஒரு வகைக்கு நானும் உடன்படுகிறேன். வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட உதவும் டைமிங் பெல்ட், ஆயிலில் ஊறியபடியே ஓடும் இன்ஜின்கள் உண்டு. 2013இல் ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டில் வந்த ஒரு லிட்டர் இன்ஜின் அந்த வகை. தவறான ஆயில் ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து ஆயில் வடிகட்டியையே அடைக்கும். ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்திக்கொள்வதாக 2021இல் அறிவித்தும்விட்டது. பெல்ட் மாற்றிய சான்று இல்லாமல் அதை வாங்க வேண்டாம்.

ஓட்டும் விதத்திலும் இரண்டு பழக்கங்களை விட வேண்டும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாம் கியரில் போட்டு, பாபநாசத்திலிருந்து காரையாறு ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார்கள். அப்போது ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றி வெடிக்கலாம், பிஸ்டனே உடையலாம். இதைத் தடுக்கும் சோதனையில் தேறிய ஏ.பி.ஐ. எஸ்.பி. (API SP) தர ஆயில் 2020 முதல் கிடைக்கிறது. கேனில் அந்த எழுத்துகளைப் பார்த்து, கையேடு சொல்லும் கிரேடில் வாங்குங்கள், பீப்பாயிலிருந்து ஊற்றித் தருவதை வாங்காதீர்கள். இன்னொன்று, நான்கு வழிச்சாலையில் விரட்டி வந்து ஓட்டல் வாசலில் அந்தக் கணமே சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பது. டர்போவில் தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில்தான் கருகுகிறது. அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜினை ஐடிலில் விடுங்கள். ஊருக்குள் மெதுவாக ஓட்டி வீடு சேர்கிறவர்களுக்கு இந்தக் காத்திருப்புத் தேவையில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கார் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. கடினமான சூழலுக்கான பராமரிப்பு அட்டவணையை, அதிகம் விற்கும் கார்களுக்காவது, தங்கள் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒன்றாகத் தமிழில் வெளியிடுங்கள். சரிபார்த்துத் தர நானும் என் மாணவர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக் பயிற்றுநர்,
பாளையங்கோட்டை.