டெஸ்ட் எழுதினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டோமேஷன் டெஸ்டிங், அதாவது மென்பொருள் சரியாக இயங்குகிறதா என்று நிரல் எழுதிச் சோதிக்கும் வேலையைக் கற்க, பெங்களூரு மாரத்தஹள்ளி, பிடிஎம் லேஅவுட் பயிற்சி மையங்களுக்குத் தமிழகத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். டெஸ்ட் எழுதப் பழகும் அவர்களுக்கு, அது ஃபெயில் ஆனால் திரையில் எவ்வளவு விவரம் வர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

பைத்தான் நிரல்மொழியில் டெஸ்ட்களை ஓட்டிப் பார்க்கும் பைடெஸ்ட் (pytest) கருவியையே எடுத்துக்கொள்வோம். ஃபெயில் ஆனால் எவ்வளவு விவரம் காட்ட வேண்டும் என்று சொல்ல அதில் 'டிபி' (--tb) என்றொரு ஆப்ஷன் உண்டு. 'லாங்' வைத்தால் பிழை கடந்து வந்த ஒவ்வொரு ஃபங்ஷனின் வரிகளும் கொட்டும். 'ஷார்ட்' வைத்தால் கோப்பின் பெயர், வரி எண், அந்த வரி, பிழைச் செய்தி மட்டும் வரும். 'லைன்' என்றால் ஒரு ஃபெயிலுக்கு ஒரே வரி. டேட்டாபேஸ் இணைப்பு அறுந்து 300 டெஸ்ட் ஒரே இரவில் விழுந்தால், 'லாங்' வைத்த லாக்கில் (ஓட்டத்தின் பதிவில்) காரணத்தைத் தேடியே காலைப் பொழுது போய்விடும். 'லைன்' வைத்திருந்தால் எல்லாம் ஒரே பிழை என்று பார்த்ததுமே தெரியும்.

அதற்காக 'டிபி'யில் 'நோ' வைத்து பிழை விவரத்தை மொத்தமாக மூடுவதும் சரியல்ல. எப்போதாவது ஒருமுறை விழும் டெஸ்ட் மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகிவிடும். லாக்கை விட்டால் வேறு தடயம் கிடையாது. வழக்கமான ஓட்டத்துக்கு 'ஷார்ட்' போதும். விழுந்தவற்றை மட்டும் 'லாஸ்ட் ஃபெயில்டு' (--lf) ஆப்ஷனில் தன் கணினியில் 'லாங்' வைத்து ஓட்டலாம். நீளமான இரு பட்டியல்களை ஒப்பிடும்போது வித்தியாசம் பாதியில் வெட்டப்பட்டிருந்தால், கட்டளையில் இரண்டு 'வி' (-vv) சேர்த்தால் முழுதாக வரும்.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது 'ஷோலோக்கல்ஸ்' (--showlocals) ஆப்ஷன். பிழை நேர்ந்த இடத்தில் இருந்த மாறிகளின் மதிப்புகளை எல்லாம் அது அச்சிட்டுவிடும். பாஸ்வேர்டு, டோக்கன் (லாகின் செய்தபின் கிடைக்கும் அனுமதிக் குறியீடு), வாடிக்கையாளரின் கைப்பேசி எண் எதுவும் விலக்கல்ல. முன்கூட்டிப் பதிவு செய்த ரகசியங்களைத்தான் சிஐ சர்வர், அதாவது டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் பொதுக் கணினி, மறைக்கும். டெஸ்ட் ஓடும்போது லாகின் செய்து பெற்ற டோக்கன் அப்படியே லாக்கில் நிற்கும், அதை எத்தனையோ பேர் திறந்து பார்ப்பார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்த பிறகும் இதில் அலட்சியம் கூடாது. சர்வரில் இந்த ஆப்ஷனை அணைத்தே வைக்க வேண்டும். அணைத்தாலும், கிடைத்த விடை சரியா என்று பார்க்கும் 'அசெர்ட்' வரியில் ஒப்பிடும் மதிப்புகள் ஃபெயில் ஆகும்போது வெளியே வரும். ஆகவே டெஸ்ட்டில் உண்மையான வாடிக்கையாளர் விவரம் இருக்கவே கூடாது.

பயிற்சி மையங்கள் இதற்கென ஒரு வகுப்பாவது ஒதுக்க வேண்டும். பணம் கட்டுமுன் மாணவர்களும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனையாளர்கள் சிலர்,
பெங்களூரு