மாரிக்கு ஒரு வீடு தேடுறன்

எடியே,

நீ கோவமா இருப்பாய் எண்டு தெரியும். சித்திரை வருசத்துக்கு நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜைக் கேட்டுட்டு, பிறகு ஆறுதலா பதில் போடுவம் எண்டு விட்டன், அப்பிடியே ரெண்டு மாசம் ஓடிட்டுது. மன்னிச்சுக்கொள்ளடி. அம்மா விழுந்து கை முறிஞ்சது, பள்ளிக்கூடத்தில சோதனை, எல்லாத்துக்கும் மேல மாரி. இப்ப இரவு பதினொண்டு. அம்மா படுத்திட்டா. ஃபோன்ல கதைச்சா அவவுக்குக் கேக்கும், அதுதான் டைப் பண்ணுறன். நீளமா வரும், பொறுமையா வாசி.

முதல்ல சின்னச் செய்தியள். கணக்கு சேருக்குப் பேரன் பிறந்திருக்கு, மனுசன் இப்ப ஒரே சிரிப்பு, நாங்கள் படிக்கேக்க அந்தச் சிரிப்பை எங்க ஒளிச்சு வைச்சிருந்தாரோ தெரியாது. பூனைக்கண்ணி லீவில வந்து நிண்டவள், கன்னியாச் சுடுதண்ணிக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனன், ஏழு கிணத்திலயும் வாளி வாளியா அள்ளி ஊத்திப்போட்டு ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு எண்டு சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினவள். உன்னைக் கேட்டவள். ஆறாம் வாங்குக் கதையை அவள் இன்னும் மறக்கேல்ல, கவனமா இரு.

சரி, மாரி.

நீ ஃபோட்டோவில பாத்த அந்த மண் நிற நாய் தான். போன கார்த்திகைக் கடைசியில டித்வாப் புயல் அடிச்சு, மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் எல்லாம் தண்ணிக்குள்ள போன நேரம், நாங்கள் ரீச்சர்மார் சேந்து சாப்பாட்டுப் பார்சலும் உடுப்பும் கொண்டு அங்கால போனாங்கள். திரும்பி வரேக்க இருட்டிட்டுது. கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட வரேக்க நாங்கள் வந்த வானுக்குள்ள வெறும் சாக்கு அசையுது. தூக்கிப் பாத்தா இவள். எலும்பும் தோலும், காதுக்குள்ள உண்ணி கொத்துக் கொத்தா, ஒரு காது மடிஞ்சு கிடக்கு. பயந்து குலைக்கவும் இல்ல, ஓடவும் இல்லயடி. என்ர கையில தலையை வைச்சாள். அவ்வளவுதான். அங்க இருந்த ஆக்களுக்கு ஃபோட்டோ அனுப்பி ரெண்டு கிழமை விசாரிச்சன், ஒருத்தரும் எங்கட எண்டு சொல்லேல்ல.

மாரி மழைக்கு வந்ததால மாரி எண்டு கூப்பிட்டன். அம்மனின்ர பேரை நாய்க்கு வைக்கிறதோ எண்டு அம்மா ரெண்டு நாள் ஏசினவ. மூண்டாம் நாள் பாத்தா, அவவே 'குட்டி' எண்டு கூப்பிட்டுச் சூடை மீன்ர முள்ளை எடுத்து எடுத்துச் சோத்தோட பிசைஞ்சு குடுக்கிறா. எனக்கு ஒரு நாள் முள் எடுத்துத் தந்திருப்பாவோ?

வந்து ஒரு மாசத்திலயே உண்ணிக் காய்ச்சல். பல் முரசு வெள்ளைப் பேப்பர் மாதிரி ஆயிட்டுது. மிருக வைத்தியர் 28 நாள் டொக்சிசைக்ளின் தந்தவர், ஒரு நாள் கூட விடக்கூடாது, சுகம் வந்த மாதிரி இருந்தாலும் நிப்பாட்டக்கூடாது எண்டு. குளிசையைப் பாணுக்குள்ள வைச்சுக் குடுத்தா பாணைத் திண்டுட்டுக் குளிசையை என்ர காலடியில கொண்டு வந்து வைப்பாள். பிறகு பழுத்த வாழைப்பழத்துக்குள்ள வைச்சுத்தான் சரி வந்துது. தேறினாப் பிறகு விசர்நாய்த் தடுப்பூசி போட்டாச்சு, கருத்தடையும் செய்தாச்சு, தையல் ஆறுற 10 நாளும் நான் பாய் விரிச்சு அவளோடதான் படுத்தனான். பல்லைப் பாத்து வயசு ரெண்டு இருக்கும் எண்டு சொன்னவர். இப்ப மயிர் மினுங்குது.

ஆரைக் கண்டாலும் பாசம். அதுதான் இவளின்ர பிரச்சினை. மீன்காரர், கரண்ட் பில் போட வாறவர், ஆர் எண்டில்ல, எல்லாருக்கும் போய்க் காலைக் கட்டிப் பிடிக்கிறது. ஒரு நாள் பின்னேரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூட்டிக்கொண்டு போனன், உனக்குத் தெரியும்தானே, மான் கூட்டம் வந்து மரக்கறிக் கழிவு தேடித் திண்டுகொண்டு நிக்கும். மற்ற நாயள் மானைக் கண்டாத் துரத்தும். இவள் போய் ஒரு புள்ளி மானுக்கு முன்னால குந்தி இருந்து வாலை ஆட்டுறாள். பக்கத்து வீட்டு நானாவிலயும் உயிர். அவர் மதிலுக்கு அங்கால நிண்டு மீன் தலை போடுவார், தண்ணியும் வைப்பார், ஆனா எச்சில் பட்டா அவருக்கு ஏழு தரம் கழுவோணும், அதில ஒருக்கா மண்ணால. ரெண்டு தரம் இவள் மதில் ஓட்டைக்குள்ளால போய் அவர் தொழுகைக்கு வெளிக்கிட்டு நிக்கேக்க சாரத்தை நக்கிப்போட்டாள். மனுசன் ஒரு வார்த்தை ஏசேல்ல, திரும்பிப் போய்க் கழுவி மாத்திக்கொண்டு போனவர். அவரின்ர நல்ல மனசுக்கு நாங்கள் எவ்வளவு நாள் கரைச்சல் குடுக்கிறது எண்டு நினைச்சா எனக்கு வெக்கமாக் கிடக்கு.

அம்மா விழுந்ததும் இவளின்ர பாசத்தாலதான். நான் கேற் திறக்கிற சத்தம் கேட்டா எங்க நிண்டாலும் பாஞ்சு வருவாள். அண்டைக்கு அம்மா அரிசி கழுவின தண்ணியோட குசினிப் படியால இறங்கினவ. இவள் அவவின்ர ரெண்டு காலுக்கும் நடுவால வந்தாள். நான் கேற்றடியில நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன், ஓடிப் போய்ப் பிடிக்க நேரம் இல்ல. அம்மா விழுந்த இடத்தில இருந்தபடியே, முறிஞ்ச கையை மடியில வைச்சுக்கொண்டு, "நாய்க்கு அடிக்காத" எண்டுதான் முதல் சொன்னவ. மாரி அவவின்ர கன்னத்தை நக்கிக்கொண்டு நிண்டவள்.

மணிக்கட்டு. ஆறு கிழமை பிளாஸ்டர். எக்ஸ்ரே பாத்த டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டு, எலும்பு நல்லாத் தேஞ்சு போச்சு, இந்தத் தரம் கையோட போச்சு, அடுத்த தரம் இடுப்பெலும்பு எண்டா 74 வயசில எழும்பி நடக்கிறது கஷ்டம் எண்டு சொன்னவர். நான் குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக் கதவு போட்டன். இவள் அதுக்கு அங்கால இருந்து அழுவாள், நான் பள்ளிக்கூடத்தால வந்து பாத்தா கதவு திறந்து கிடக்கும், நாய் அம்மாவின்ர சாக்குக் கட்டிலுக்குக் கீழ கிடக்கும். கேட்டா "அது தானா திறந்திட்டுது". கட்டி வைக்கவும் எனக்கு மனமில்ல. இவளைக் கட்டி வைச்சா இவளில என்னடி மிச்சம்?

அதாலதான் வீடு தேடத் தொடங்கினன். ஊருக்குள்ள ஆக்கள் கேக்கிற கேள்வி மூண்டே மூண்டு. கடுவனோ பெட்டையோ? நல்லாக் குலைக்குமோ? ஆள் தெரியாட்டிக் கடிக்குமோ? பெட்டை எண்டா அதோட கதை முடிஞ்சுது, கருத்தடை செய்தாச்சு எண்டு சொன்னா, அப்பிடிச் செய்த நாய் காவல் காக்காதாமே எண்டு இன்னொரு கதை. ஒராள் வந்து பாத்தவர், பெரிய வீடு, பெரிய மதில், ஓட்டோவில வரேக்கயே புதுச் சங்கிலி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நான் தேத்தண்ணி குடுத்து அனுப்பிட்டன். உப்புவெளியில கெஸ்ட் ஹவுஸ் வைச்சிருக்கிற பொடியன் ஒருத்தன் ஆசையாக் கேட்டவன், வெள்ளைக்காரர் இவளைக் கண்டா விடாதுகள் எண்டு. உண்மைதான். இப்ப கடல் படுத்துக் கிடக்கு, சீசன், கடற்கரை நாய்க்கெல்லாம் ரோட்டியும் ஒம்லெட்டும். ஐப்பசியில கடல் எழும்பினா அங்க ஒரு சனமும் இல்ல. அந்த நாயள் மழைக்குள்ள பூட்டின கேற்றுக்கு முன்னால படுத்துக்கிடக்கிறதை நான் ஒவ்வொரு வருசமும் பாக்கிறன். "ஐப்பசிக்குப் பிறகு நீ எங்க தம்பி இருப்பாய்?" எண்டு கேட்டன். கொழும்புக்குப் போயிடுவானாம். இல்லையெண்டுட்டன்.

இன்னும் சிலர், இவ்வளவு யோசிக்கிறதுக்கு மார்க்கெட்டடியில விடன், அங்க மீன் கழிவு இருக்குத்தானே எண்டு எனக்கே முகத்துக்கு நேர சொல்லுதுகள். எனக்கு வந்த கோவம் உனக்குச் சொல்லி விளங்காது. 2006 ஓட அரசாங்கம் தெருநாயைக் கொல்லுறதை நிப்பாட்டிச்சுது, நல்ல விசயம், ஆனா தெருவில கொண்டு போய் விடுறதை ஆர் நிப்பாட்டுறது? சாக்குக்குள்ள கட்டி விட்டிட்டுப் போறது முழுக்கப் பெட்டைக் குட்டியள்.

இப்ப தான் உன்னட்டை வாறன். பயப்பிடாத, நாயை எடு எண்டு கேக்கேல்ல, உன்ர வவுனியா வீட்டு மாடிப்படியும் உன்ர மாமியும் எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை நிலாவெளியில இருந்து ஒரு ஐயா வந்தவர். உங்கட பழைய வீட்டுக்குப் பின் ஒழுங்கை, வெங்காயத் தோட்டம், மூலையில கட்டுக் கிணறு, வாசல்ல வேம்பு. உனக்கு இப்ப ஆள் விளங்கியிருக்கும். பிள்ளையள் வெளியில, அவரும் மனுசியும் மட்டும். வந்து கதிரையில இருக்கேல்ல. விறாந்தையில நிலத்தில இருந்தார். மாரி போய் வழமை போல மடியில ஏறினாள். அவர் தடவுறதுக்கு முதல் அவளின்ர மடிஞ்ச காதைத் திருப்பி உள்ளுக்குப் பாத்தார், பிறகு விரலுக்கு நடுவில, பிறகு கழுத்துக்குக் கீழ. உண்ணி பாக்கிறார். ஒண்டு கிடந்துது, நான் காணாதது, அதை நகத்தால பிடுங்கி நெருப்புப் பெட்டிக்குள்ள போட்டார். குலைக்குமோ கடிக்குமோ எண்டு ஒரு கேள்வியும் இல்ல. இரவில எங்க படுக்கிறவள், இடிக்குப் பயமோ எண்டு ரெண்டும்தான் கேட்டவர். எனக்கு அந்த இடத்திலயே குடுத்துவிடலாம் போல இருந்துது.

பிறகு, முதல் நாய் வைச்சிருந்தீங்களோ ஐயா எண்டு கேட்டன். "ஓம், ஒண்டு நிண்டது." என்ன நடந்தது எண்டு கேட்டன். முகத்தை அங்கால திருப்பி, "அது போயிட்டுது பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிட்டார்.

அஞ்சு நாளா இந்த ஒரு வசனம்தான் மண்டைக்குள்ள. வயசு போய்ச் செத்திருந்தா அப்பிடிச் சொல்லலாம், கவலையில கதைக்க ஏலாமல் போயிருக்கும், எனக்கும் அப்பிடித்தான் வரும். ஆனா புல்மோட்டை ரோட்டில அடிபட்டிருந்தா, அவையளின்ர வளவுக்கு வேலி அடைப்பு இல்லை எண்டுதான் அர்த்தம், இவள் ஆரைக் கண்டாலும் ரோட்டுக்கு ஓடுவாள். அதோட தோட்டம். ஆராவது காட்டுப்பண்டிக்கு நஞ்சு மருந்து வைச்ச சோத்தைத் திண்டு செத்திருந்தா? இவள் ஆர் எதைப் போட்டாலும் வாலை ஆட்டித் தின்னுறவள். வேலி எண்டா நான் காசு போட்டு அடைச்சுக் குடுப்பன். மருந்து எண்டா நான் விடமாட்டன். திருப்பி அவரிட்டயே கேக்க எனக்கு வாய் வரேல்ல, அந்த முகத்தைப் பாத்தாப் பிறகு.

அதால நீ உன்ர சித்தியிட்டக் கேள். அவவுக்கு அந்த ஒழுங்கையில ஆரின்ர கோழி எப்ப முட்டை போட்டது எண்டும் தெரியும். நாய் எப்பிடிச் செத்தது, கட்டி வைச்சிருந்தவையோ, மழைக்கு உள்ளுக்கு விட்டவையோ, இவ்வளவும் போதும். நான் கேட்டதெண்டு சொல்லாத.

சித்தி நல்ல செய்தி சொன்னா, ஞாயிறு விடியக் கூட்டிக்கொண்டு போறன். அவள் படுக்கிற அம்மாவின்ர பழைய சேலைத் துண்டைக் கழுவாமல் வைச்சிருக்கிறன், மணம் தெரிஞ்ச துணி இருந்தா முதல் இரவு கொஞ்சம் அழுகை குறையும். புது வீட்டில மூண்டு நாள் பயம், மூண்டு கிழமையில பழக்கம், மூண்டு மாசத்தில தான் தன்ர வீடு எண்டு நினைக்குமாம். அந்த மூண்டு மாசமும் ஒவ்வொரு சனியும் பஸ் ஏறிப் போகத்தான் யோசிச்சிருக்கிறன், ஆனா நான் போறது அவளுக்கு நல்லதோ, விட்டுட்டுப் போன ஆள் திரும்பத் திரும்ப வந்து திரும்பத் திரும்ப விட்டுட்டுப் போறது மாதிரி ஆகாதோ தெரியேல்ல. நீ என்ன நினைக்கிறாய்?

அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்ல. அந்த ஐயா வந்ததை, நாய் பாக்க வந்தவர் எண்டு தெரியாமல், பென்சன் விசயம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. பிளாஸ்டர் கழட்டி மூண்டு கிழமை ஆகுது, கை இன்னும் முழுசா மடங்காது, ஆனா இண்டைக்கு மத்தியானம் இடக்கையால மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தவ.

சனிக்கு முதல் எடு. பள்ளிக்கூட இன்டர்வல் நேரம் எடு, வீட்டில வைச்சு இதைக் கதைக்க ஏலாது.

உன்ர,
ஒல்லிக்குச்சி