மிதக்கவில்லை, விழுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை, அதனால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள்’ என்று செய்திகளில் அடிக்கடி வருகிறது. இது தவறு. சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கும் 400 கி.மீ. உயரத்தில், தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. இல்லாவிட்டால் நிலையம் நேர்கோட்டில் எங்கோ போயிருக்கும்.

நிலையமும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு நொடியில் 7.7 கி.மீ. முன்னே பாய்கிறார்கள், அதற்குள் சுமார் 4.3 மீட்டர் கீழே விழுகிறார்கள். பூமியும் வளைந்து விலகுவதால் தரை எட்டுவதே இல்லை.

பிள்ளைகள் நம்ப மறுத்தால் (மறுப்பது நல்லதுதான்) ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் 4 மி.மீ. துளையிட்டு, நீர் நிரப்பி, 2 மீட்டர் உயரத்திலிருந்து விடச் சொல்லுங்கள். விழும்போது நீரும் பாட்டிலும் ஒன்றாக விழுவதால் ஒழுகல் நின்றுவிடும். மூடியைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். மூடியிருந்தால் காற்றழுத்தமே நீரைத் தடுத்துவிடும், சோதனை வீண். துளை ஊசிமுனை அளவு சிறிதாக இருந்தால், பரப்பு இழுவிசை (நீரின் மேற்பரப்பு தோல்போல் இழுத்துப் பிடிப்பது) நீரைத் தடுத்து ஏமாற்றும். விழ அரை நொடிக்குச் சற்றே அதிகம்தான் ஆகும் என்பதால் கைபேசியில் ‘ஸ்லோ மோஷன்’ படம் எடுங்கள். பாட்டிலைச் சுழலாமல் மேல்நோக்கி எறிந்தும் பாருங்கள்: கையை விட்டதுமே பாட்டிலும் நீரும் ஈர்ப்புக்கு மட்டுமே உட்பட்டு ஒன்றாக நகர்வதால், ஏறும்போதுகூட ஒழுகாது.

– இயற்பியல் ஆசிரியர் ஒருவர்