எங்க ஆத்தா உக்காந்து சாப்ட்டது ஃபாஸ்ட் ஃபுட் கடையில தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபாஸ்ட் ஃபுட் வந்து தான் குடும்பமா ஒண்ணா உக்காந்து சாப்புடுற பழக்கம் போச்சுன்னு போன இதழ்ல ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. எண்ணெய், உப்பு, சக்கரை, உடம்புக்கு ஆகாதுன்னு எழுதினதெல்லாம் சரிதான், எனக்கே சுகர் இருக்கு, அதுல சண்டை இல்ல. ஆனா அந்தக் காலத்துல வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல சாப்ட்டாங்கன்னு வருதே, அத படிச்சு சிரிச்சுட்டேன். எந்த வீட்லங்க அது?

எனக்குப் பொறந்த ஊரு தேவகோட்டை. பந்திக்குன்னே தனியா நீளமா ஒரு ஹால் இருக்கும் எங்க வீட்ல. மொத பந்தி ஆம்பளைக, அப்புறம் பிள்ளைக, அப்புறம் வந்திருக்க ஆச்சிமாரு, இதெல்லாம் முடிஞ்சு இலை எடுத்து தரை தொடச்சு அடுப்படியில எங்க ஆத்தா (அம்மாவ நாங்க அப்படித்தான் கூப்புடுவோம்) தட்ட எடுக்கும்போது மணி மூணு ஆயிரும், கோழிக் குழம்புல கழுத்தும் எலும்பும் தான் கெடக்கும். அம்மியில மசாலா அரைச்சது அவுக தான். ஆத்தா என்ன சாப்ட்டாக எப்ப சாப்ட்டாகன்னு வீட்ல ஒருத்தரும் கேட்டதில்ல, நாங்களும் தான்.

எங்க அப்பச்சி, அதான் அப்பா, கோலாலம்பூர்ல இருந்தாக, லெபோ அம்பாங் தெருவுல, செட்டியார்மாரு தங்கித் தொழில் பாத்த கிட்டங்கிக்குப் பக்கத்துல. 80கள் தொடக்கம், நான் ஸ்கூல் படிக்கிற காலம், ஒரு லீவுக்கு அப்பத்தா, ஆத்தா, நாங்க பிள்ளைக எல்லாருமா எம்.வி. சிதம்பரம் கப்பல்ல போனோம். போற வழியெல்லாம் வாந்தி, அத விடுங்க. அங்க போய் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பச்சி எங்கள ஏ அண்ட் டபிள்யூ கடைக்குக் கூட்டிட்டுப் போனாக. மலேசியாவுல ஃபாஸ்ட் ஃபுட்னு மொத மொதல்ல வந்த கடையே அதான், 1963ல வந்துருச்சு, கேஎஃப்சி கூட அதுக்கப்புறம் 1973ல தான். இங்க பெங்களூருக்கு கேஎஃப்சி வந்ததே 1995ல, டெல்லிக்கு மெக்டொனால்ட்ஸ் 1996ல. அதனால நான் ஊருக்குத் திரும்பி வந்து ஸ்கூல்ல கதை சொன்னப்ப ஒருத்தியும் நம்பல, கோழிய மாவுல பொரட்டிப் பொரிச்சு அட்டை டப்பாவுல போட்டுத் தருவாங்கன்னா புளுகாதடின்னுட்டாளுக.

அந்தக் கடையில நடந்தது தான் எனக்கு இன்னைக்கும் ஞாபகம். அப்பச்சி கவுன்டர்ல போய் வரிசையில நின்னு, ரெண்டு கையிலயும் ட்ரேய தூக்கிட்டு வாராக! வீட்ல தண்ணி டம்ளர கூட ஆத்தா கொண்டு போய் கையில குடுக்கணும், அப்பேர்ப்பட்ட மனுசன். ஆத்தா பழக்க தோசத்துல எந்திரிச்சு நிக்கிறாக, பரிமாற. பரிமாற அங்க என்ன இருக்கு, அவங்கவங்க பொட்டலம் அவங்கவங்க முன்னாடி இருக்கு. எங்க அப்பத்தா தான் சேலையப் புடிச்சு இழுத்து, உக்காருத்தா, நீயும் தின்னு, ஆறிப் போகுதுன்னாக. மாமியாருக்கு முன்னாடி, புருசனுக்கு எதிர்ல, ஆத்தா சூடா ஒண்ண எடுத்து வாயில வெச்சத நான் மொத தடவையா அங்க தான் பாத்தேன், கன்னமெல்லாம் செவந்துருச்சு, காரமெல்லாம் ஒண்ணுமில்ல அதுல.

மாட்டுக்கறி கலந்திருக்குமோன்னு அப்பத்தாவுக்கு ஒரே பயம், அப்பச்சி மூணு தடவ கேட்டு கோழி தான்னு உறுதி பண்ணின பெறகு தான் தொட்டாக. ரூட் பீர்னு ஒண்ணு, பேரு தான் பீரு, போதையெல்லாம் கெடையாது, ஐஸ்ல குளுந்து போன கண்ணாடி மக்ல ஐஸ்கிரீம் மெதக்கவிட்டுக் குடுப்பாங்க. அப்பத்தா ஒரு வாய் குடிச்சுட்டு, நம்ம நன்னாரி சர்பத்துல எவனோ அமிர்தாஞ்சனத்தக் கலந்துட்டான்னாக. குடிச்ச எங்களுக்கெல்லாம் புரை ஏறிருச்சு. ஆனா மிச்சம் வைக்கல, முழுசும் குடிச்சாக. அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அந்த அமிர்தாஞ்சன் கடைக்குப் போவமான்னு அவுகளே கேப்பாக.

மெக்டொனால்ட்ஸும் புக்கிட் பிந்தாங்ல 1982ல வந்துருச்சு, அங்க மீன் பர்கர். அது அமெரிக்காவுல வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாத கத்தோலிக்கக்காரங்களுக்காக 1962ல கண்டுபிடிச்சதாம், பின்னால படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க அப்பத்தாவுக்கு வெள்ளிக்கிழமை மீன் கவுச்சியும் ஆகாது, அன்னைக்கு உருளைக்கிழங்கு ஃப்ரை மட்டும் தான்.

கல்யாணமாகி காரைக்குடி வந்த பெறகு ஃபாஸ்ட் ஃபுட்னா வேற. நம்ம ஊர்ல ஃபாஸ்ட் ஃபுட்னா தள்ளுவண்டி தான, பெரிய இரும்புச் சட்டி, டங்கு டங்குன்னு கரண்டிச் சத்தம், முட்டகோஸ், சோயா சாஸ், அஜினமோட்டோ இருக்கான்னு கேட்டா அண்ணன் காதுல விழாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நூறடி ரோட்டுல நாங்க எல்லாரும் பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்திருப்போம், ரெண்டு சிக்கன் ரைஸ் வாங்கி பிரிச்சுக் குடுங்கண்ணேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டு வருவார், எம் மாமியார் நூடுல்ஸ பாத்து இது என்ன இடியாப்பத்துக்கு வந்த கேடுன்னு சொல்லிக்கிட்டே எம் பையன் தட்டுல இருந்தும் எடுத்துத் தின்பாக. அன்னைக்கு ஒரு நாள் எனக்கு அடுப்படி கெடையாது. பையனும் பொண்ணும் இப்ப வெளியூர்ல, போன்ல பேசுனா கவுனி அரிசியப் பத்தியா பேசுறாங்க, அந்த வண்டி அண்ணன் இன்னும் இருக்காரான்னு தான் கேக்குறாங்க!

செட்டிநாட்டுச் சமையல் ஒசத்தின்னு இப்ப எல்லாரும் கானாடுகாத்தான் வரைக்கும் வந்து இலையில சாப்ட்டு போட்டோ புடிச்சுட்டுப் போறாங்க, சந்தோசம். நானும் வெள்ளைப் பணியாரம் சுடுவேன், நல்லாவே சுடுவேன். ஆனா அரிசியும் உளுந்தும் ஊற வெக்கிறதுல இருந்து கடைசி ஈடு எடுக்குற வரைக்கும் நிக்கிறது ஒருத்தி தான், சூடா திங்கிறது மத்தவங்க. இது எங்க வீட்ல மட்டுமான்னு உங்க வாசகிகளக் கேட்டுப் பாருங்க.

கட்டுரை எழுதினவர் அடுத்து எழுதும்போது, எல்லாரும் ஒண்ணா சாப்ட்டோம்னு சொல்றாரே அந்த எல்லாருல அவங்க அம்மா எந்தப் பந்தியில உக்காந்தாங்கன்னும் கேட்டுட்டு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி