சொட்டு விழுவது ஒரு இடம், ஓட்டை இருப்பது வேறு இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அறுகம்பையில் அலைச்சறுக்குச் சீசன் முடிய, மாரி வாசலுக்கு வந்து நிற்கும். பழைய வான் வண்டிக்குள் கட்டிலும் அடுப்பும் பூட்டி, வீட்டுக்குப் பத்தி இறக்குவதுபோல் பக்கத்தில் துணிக்கூரையாக ஒரு படங்கும் இறக்கி வைத்திருப்பவர்களுக்கு இனிமேல்தான் சோதனைக்காலம். படங்கு ஒழுகினால் நம்மவர் செய்கிற முதல் வேலை, ஹாட்வெயார் கடையில் ஒரு சிலிக்கன் ரியூப் வாங்கிச் சொட்டு விழுகிற இடத்தில் பிதுக்கிவிடுவது. அடுத்த மழைக்கு இன்னொரு ரியூப். மூன்றாவது மழைக்குப் படங்கு அம்மை போட்ட முதுகுபோல் இருக்கும், ஒழுக்கு மட்டும் பழையபடி.

சொட்டு விழுகிற இடத்துக்கும் ஓட்டைக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. தண்ணீர் துணியின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சரிவு வழியே வந்து, எங்கே ஒரு தையலோ மடிப்போ தடுக்கிறதோ அங்கே விழும். ஓட்டை கதவுக்கு மேலே இருக்கும், சொட்டு தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழும்.

பல ஒழுக்குகளுக்குக் காரணம் ஓட்டைகூட இல்லை, தட்டையாகக் கட்டுவதுதான். 3 மீற்றர் நீளம், 2.5 மீற்றர் அகலமுள்ள படங்கின் பரப்பு 7.5 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர் தண்ணீர். 20 மில்லிமீற்றர் என்றால் (மார்கழியில் அதை யாரும் மழையென்றே சொல்வதில்லை) 150 லீற்றர், அதாவது மூன்று மூட்டைச் சீமெந்தின் பாரம். அதில் பாதி நின்றாலே போதும். துணி தொய்யும், தொய்ந்த பள்ளத்தில் இன்னும் சேரும், அந்தப் பாரத்தில் தையல் துளைகள் வாய் திறக்கும். ஓடுகிற தண்ணீரைத் தடுக்கிற துணி, தேங்கி நிற்கிற தண்ணீரைத் தடுக்காது.

ஆகவே முதலில் சரிவு. வானில் படங்கு பூட்டிய இடம் தரையிலிருந்து 2.1 மீற்றர் என்றால், படங்கின் முன்கால்களில் ஒன்றை 1.7 மீற்றரிலும் மற்றதை 1.4 மீற்றரிலும் நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் பார்க்க அழகு, தண்ணீருக்குத்தான் எந்தப் பக்கம் போவதென்று தெரியாது. பதிந்த மூலையில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. அந்த இடத்தை வாளிக்கும், எழும்ப மனமில்லாமல் இருக்கிற விருந்தாளிக்கும் ஒதுக்கலாம்.

நடுவில் தொய்யாமலிருக்க ஒரு வளை வேண்டும். ஒரு அங்குல பிவிசி குழாய் போதும். வானுக்கும் முன் சட்டத்துக்கும் இடையே 2.5 மீற்றர் என்றால் குழாயை 2.55 மீற்றராக வெட்டுங்கள். கூடுதலாக விட்ட அந்த 5 சென்ரிமீற்றர், குழாயை நடுவில் ஏறத்தாழ ஒரு சாண் மேலே வளைத்துத் துணியைத் தூக்கிப் பிடிக்கும். நுனிகளில் பழைய றப்பர் செருப்பு வெட்டிச் சொருகாவிட்டால் அந்தக் குழாயே அடுத்த ஓட்டையைப் போடும்.

கயிற்றையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நைலோன் நனைந்தால் நீளும், பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். நைலோன் கட்டியவர்கள் மழை தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒருதரம் இறங்கி இறுக்கத்தான் வேண்டும். கயிற்றுக்கும் முளைக்கும் இடையே சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் போட்டால் காற்றின் உதறல் தையலுக்குப் போகாது. கல்லடி, பாசிக்குடா கடற்கரை மணலில் முளை அடிப்பது வீண்வேலை. யூரியா பையில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் குறுக்கே கிடத்திப் புதைத்தால் அசையாது.

நிறுத்துகிற திசையும் பாதி வைத்தியம். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். நம் வான்களில் கதவும் படங்கும் இடப்பக்கம். கடலை வலப்பக்கம் வைத்து வானின் மூக்கை வடமேற்கே திருப்பினால் படங்கு தென்மேற்கே, காற்றுக்கு மறைவில் வந்துவிடும். கடலைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்பவர்கள் மழையையும் சேர்த்துத்தான் குடிக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் ஒழுகினால் ஓட்டையைத் தேடலாம். கிடுகு வேய்கிறவர் இறவாரத்தில் தொடங்கி முகட்டுக்குப் போவார் அல்லவா, தேடலும் அப்படியே கீழிருந்து மேலே. மேலே தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லாத் தையலையும் நனைத்துவிடும், குற்றவாளி தப்பிவிடுவான். இரண்டு பேர் வேண்டும். வெயில் நாளில் ஒருவர் வெளியே ஹோஸ் பைப்போடு, ஒருவர் உள்ளே வெண்கட்டியோடு. தாழ்ந்த ஓரத்திலிருந்து ஒரு முழத்துக்கு ஐந்து நிமிடம் சும்மா வழியவிட்டு, பிறகு அடுத்த முழம். பைப்பின் வாயை விரலால் அமத்தி அடித்தால் மழைக்கு ஒழுகாத இடமும் ஒழுகும். கணவனும் மனைவியும் இதைச் செய்வதென்றால், பைப் யார் கையில் என்பதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

அடிக்கடி அகப்படுகிற இடம் படங்கைச் சொருகுகிற அலுமினியத் தண்டவாளம். கூரையில் விழுந்த தண்ணீர் அதன் அடியால் புகுந்து, திருகாணித் துளை வழியே வரும். கடற்காற்றில் அலுமினியத்தையும் இரும்புத் திருகாணியையும் சேர்த்துவிட்டால் அவற்றுக்கிடையே வெள்ளைத் தூள் பூக்கும். அது அலுமினியம் தின்னப்படுவதன் அடையாளம், துளை பெரிதாகிக்கொண்டே போகும். வினாகிரி மணக்கிற சிலிக்கனை அதன்மேல் பூசுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பது. அந்த மணமே அமிலம்தான். மேலும், சிலிக்கன் பூசிய இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது.

செய்ய வேண்டியது இது. தண்டவாளத்தைக் கழற்றுங்கள். பழைய சிலிக்கனை பிளாஸ்ரிக் அட்டையொன்றால் சுரண்டுங்கள், உலோகத் தகடு வேண்டாம், பெயின்ற் கீறினால் துரு. சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டு, அடியில் பியூட்டைல் ரேப் (பிசின்போல் ஒட்டுகிற றப்பர்ப் பட்டி) ஒட்டி, ஒவ்வொரு துளையிலும் பஸ் கண்ணாடி ஒட்டுகிற பொலியூரிதேன் பசையில் ஒரு சொட்டு வைத்து, துருப்பிடிக்காத திருகாணியால் முடுக்குங்கள். மேல் விளிம்பில் அதே பொலியூரிதேனை 5 மில்லிமீற்றர் தடிப்பில் இழுத்துவிடுங்கள். அது வெளியிலிருந்து உள்ளே, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான் இறுகும். இரண்டு நாள் வானைத் தொடாதீர்கள்.

அடுத்தது தையல். இரண்டு துண்டு சேருகிற இடத்தில் மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் படிய வேண்டும், கிடுகைப்போலவே. மாறித் தைத்த படங்கு தண்ணீரைக் கைநீட்டி வரவேற்கும், அதைப் பிரித்துத் திரும்பத் தைப்பதைத் தவிர வழியில்லை. சரியாகத் தைத்தும் ஊசித் துளையால் கசிந்தால், உச்சி வெயிலில் துணி சூடேறியிருக்கையில் தேன்மெழுகை வெளிப்பக்கத் தையலில் அழுத்தித் தேயுங்கள். முழுப் படங்கையும் மெழுகாலும் மண்ணெண்ணெயாலும் முழுக்காட்டுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. கீழே அடுப்பு எரிகிற இடத்தில் அது படங்கு அல்ல, பந்தம்.

புதிதாக வாங்கிய பருத்திப் படங்கு முதல் மழையில் தூவினால் கடைக்காரருடன் சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு மூன்று தரம் நன்றாக நனைத்துக் காயவிட்டால் நூல் ஊதித் துளையை அடைத்துக்கொள்ளும். மழை பெய்யும்போது அதன் உட்புறத்தை விரலால் தொட்டால், தொட்ட இடத்தில் சொட்டத் தொடங்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லாதீர்கள், சொன்னால் எல்லா விரலும் மேலே போகும். சவர்க்காரத் தூளும் கூடாது, தண்ணீர் ஒட்டாத பூச்சை அது கழுவிவிடும். உப்புக் காற்றில் நின்ற படங்குக்கு நல்ல தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும்.

வினைல் படங்கில் சிறு கிழிசல் என்றால் பஞ்சர் ஒட்டுகிற சொலூசன் வேலைக்கு ஆகாது, கொஞ்ச நாளில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். வினைலுக்கென்றே உள்ள பசை வாங்குங்கள். கிழிசலைச் சுற்றி நாற்புறமும் 5 சென்ரிமீற்றர் கூடுதலாக, மூலைகளை வட்டமாக வெட்டிய துண்டு. இரு முகமும் உப்புத்தாளால் தேய்த்து, பூசி, சோடாப் போத்தலை உருட்டி அழுத்துங்கள். கூர்மூலை வைத்தால் முதலில் அதுதான் கிளம்பும். நீலப் பொலித்தீன் விரிப்புக்கு எந்தப் பசையும் ஒட்டாது, அதை மாற்றுவதே மலிவு.

விடியற்காலையில் மழையே இல்லாமல் சொட்டுகிறதா? அது ஒழுக்கு அல்ல, வியர்வை. படங்குக்குக் கீழே சோறு வடித்த ஆவியும் ஆட்களின் மூச்சும் குளிர்ந்த துணியில் முத்து முத்தாகப் படியும். துணியால் துடைத்து, ஓரத்தைத் திறந்து காற்று விட்டால் சரி.

வைத்தியம் செய்ய நேரமில்லை, மழையோ தலைக்கு மேலே. அப்போது சொட்டு தொடங்குகிற இடத்தில் ஒரு பருத்தி நூலைக் குத்தூசியால் மாட்டி, மறுநுனியை வாளிக்குள் விடுங்கள். தண்ணீர் சத்தமில்லாமல் நூல்வழியே இறங்கும். நூல் இல்லையென்றால் வாளியின் அடியில் பழைய சாரத் துண்டு. மீன் பாடுகிற மட்டக்களப்பில் வாளியும் பாடட்டுமே என்று விடலாம்தான், ஆனால் அலுமினியச் சட்டி இரவு இரண்டு மணிக்கு ஒரே சுரத்தில் பாடினால் எந்த ரசிகனும் தாங்கமாட்டான். சேர்ந்த தண்ணீர் கால் மணல் கழுவ நல்லது, குடிக்க அல்ல, காகம் இருந்த கூரையது. விடிந்ததும் ஊற்றிவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் டெங்கு நுளம்பு குடிவந்துவிடும், பின்னாலேயே பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவும் வருவார்.

தென்னோலை எல்லாம் ஒரே பக்கம் இழுபட்டு இரைந்தால், அல்லது இடி கேட்டால், படங்கைச் சுருட்டிவிட்டு வானுக்குள் ஏறிவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டலாம், தவறில்லை. இரண்டு நாளுக்குள் விரித்துக் காயப்போட வேண்டும். மழை விட்டும் தூவானம் விடாத மாதத்தில் அதற்கு வெயில் எங்கே என்று கேட்பீர்கள். மழைவிட்ட அரை மணி நேரமென்றாலும் விரித்து, உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, வெளிச்சுருள் தளர்வாக இருக்கும்படி சுற்றிவையுங்கள். கரும்புள்ளி விழுந்த பிறகு எந்த மருந்துக்கும் அது போகாது.

இங்ஙனம்,
படங்கு தைப்போரும் வான் கூடு கட்டுவோரும் சிலர்,
மட்டக்களப்பு.