கையெழுத்துப் போட்ட தாள்

டாலஸ்,
அக்டோபர் 2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தையில் கல்யாணம் என்று படித்ததும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். பாவாடை கட்டிக்கொண்டு உன் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து வந்த பெண்ணுக்குக் கல்யாணமா! வருவது பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதிலும் ஒரு விதி குறுக்கே நிற்கிறது.

ஒன்பதாவது படிக்கும் என் சின்னவளின் ஆங்கில வகுப்பில் ஆண்டுத் தொடக்கத்தில் கொடுக்கும் விதித்தாளை அனுப்பச் சொல்லியிருந்தாய். நீ பாடம் எடுக்கும் ஒன்பதாம் வகுப்பிலும் அப்படி ஒன்று போட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் மூன்று கையெழுத்து இருக்கும்: ஆசிரியை, மாணவி, பெற்றோர். மூன்றாவது என்னுடையது. அந்தக் கையெழுத்தால் நான் பட்டபாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே ஒன்பது முதல் பன்னிரண்டு வரைதான் உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘ஃப்ரெஷ்மன்’ என்று பெயர். நாம் கல்லூரியில் காலெடுத்து வைத்தபோது கேட்ட சொல் இங்கே பதினான்கு வயதிலேயே ஒட்டிக்கொள்கிறது. வெறும் பெயரோடும் போவதில்லை. ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளிலிருந்து வாங்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் கல்லூரி விண்ணப்பம்வரை கூடவே வரும். வகுப்பில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வரும் பிள்ளைகளுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் என்று 1997இல் எங்கள் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். ஆஸ்டினில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகம் மட்டும் கூட்டம் தாங்காமல் அதைச் சுருக்கிக்கொண்டே வந்து, அடுத்த ஆண்டு சேருகிறவர்களுக்கு 5 விழுக்காடு என்று நிறுத்தியிருக்கிறது. இங்குள்ள நம்மவர் வீடுகளில் ஒன்பதாம் வகுப்பென்றால் ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்று இப்போது உனக்குப் புரியும்.

இன்னொன்று, இங்கே தேர்ச்சி மதிப்பெண் 70. நமக்கு 35 போதுமாக இருந்தது. 36 வாங்கியவன் ஒரு மதிப்பெண்ணை வீணாக்கிவிட்டான் என்று நீ சிரிப்பாயே. 70க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் விளையாட்டுப் போட்டியோ இசைப் போட்டியோ கிடையாது. இப்படி ஒரு தடை 1984இலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. என் மகள் பள்ளியின் மார்ச்சிங் பேண்டில், அதாவது அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் இசைக்குழுவில், கிளாரினெட் வாசிக்கிறாள். அக்டோபர் முழுக்க அவர்களுக்குப் போட்டிகள்.

தாளின் முதல் இரண்டு பக்கத்தில் உனக்குப் பெரிய வேலை இல்லை. கட்டுரைகளும் பெரிய தேர்வுகளும் சேர்ந்து 60 பங்கு, அன்றாட வேலை 40. ஒவ்வொரு வகுப்பும் பத்து நிமிட மௌன வாசிப்போடு தொடங்கும். புத்தகம் பிள்ளையின் விருப்பம். பிற்பாதியில் ‘ரோமியோ ஜூலியட்’டை முழுதாகப் படிப்பார்கள். நமக்கு அது நான்-டீடெய்லில் ஆறு பக்கக் கதையாக வந்து போனது. கைப்பேசிக்குத் தடை என்ற வரியை ஆசிரியை இந்த ஆண்டு எழுதவே வேண்டியிருக்கவில்லை. பள்ளி நேரம் முழுவதும் கூடாது என்று மாநிலமே இவ்வாண்டு சட்டம் போட்டுவிட்டது. வாய் திறந்து பேசுவதற்கு மதிப்பெண் என்று ஒரு வரி உண்டு. அதை மட்டும் நீ எடுத்துக்கொள்ளாதே. உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும். நம் காலத்தில் அது நீதான்.

மூன்றாம் பக்கத்தைக் கவனமாகப் படி. நான் படிக்கவில்லை. செப்டம்பரில் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து, பிள்ளையின் கால அட்டவணைப்படியே அறை அறையாக ஓடவிட்டார்கள். பாடத்துக்குப் பத்து நிமிடம், பிறகு மணி. ஆங்கில அறைக்குள் மூச்சு வாங்க நுழைந்தபோது ஆசிரியை அந்தப் பக்கத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியோடு ஒட்டிய சின்ன மேசைக்குள் தொப்பையை நுழைக்கும் வேலையில் இருந்தேன். மறுநாள் மகள் தாளை நீட்டினாள், கையெழுத்துப் போட்டேன். மின்கட்டண ரசீதைக்கூட நான் அதைவிட நிதானமாகப் பார்ப்பேன்.

முதல் கட்டுரை ஒரு சிறுகதையைப் பற்றியது. ஒரு கூற்று, அதற்குக் கதையிலிருந்து சான்று, பிறகு அந்தச் சான்று எப்படிக் கூற்றைத் தாங்குகிறது என்ற விளக்கம் என்று எழுத வேண்டும். கெடு நாளுக்கு முந்தைய இரவு, பேண்ட் பயிற்சி முடிந்து ஒன்பதரைக்கு வந்த பிள்ளை மேசையிலேயே தூங்கிவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். விளக்கம் நொண்டியடித்தது. இரண்டே இரண்டு பத்தி எழுதி என் கணினியிலிருந்து வெட்டி அவள் கட்டுரையில் ஒட்டினேன். காலையில் சொன்னேன், அவள் தயங்கினாள், நான்தான் ‘ஒன்றும் ஆகாது’ என்றேன்.

என்ன எழுதினேன் என்று கேள். எந்தத் தலைப்பு வந்தாலும் போடச் சொல்லி நம் ஆங்கில வாத்தியார் ஒரு முதல் வரி கொடுத்திருந்தாரே, பொங்கல் கட்டுரைக்கும் அதே வரி, விஞ்ஞானத்தின் பயன்களுக்கும் அதே வரி! முப்பத்தைந்து ஆண்டு கழித்து, டெக்சஸில், நள்ளிரவில் என் விரல் அந்த வரியைத்தான் தட்டியது.

நான்கு நாள் கழித்துச் சுழியம் வந்தது. பிள்ளைகள் எழுதும் கூகுள் ஆவணத்தில் எந்த வார்த்தை எப்போது வந்தது என்ற வரலாறு முழுக்கப் பதிந்திருக்கும். மற்றப் பத்திகள் எல்லாம் அடித்தும் திருத்தியும் மூன்று நாளாக வளர்ந்திருக்கின்றன. இந்த இரண்டும் இரவு பதினொன்று நாற்பதுக்கு ஒரே நொடியில் வந்து விழுந்திருக்கின்றன. முதலில் செயற்கை நுண்ணறிவு எழுதியதோ என்றுதான் ஆசிரியை சந்தேகப்பட்டிருக்கிறார். படித்த பிறகு, இயந்திரம் இவ்வளவு பழைய ஆங்கிலம் எழுதாது என்று தோன்றியதாம். ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: ‘இது யாருடைய குரல்?’

மகள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. நானே ஆசிரியைக்கு எழுதி ஒப்புக்கொண்டேன். நேரில் வரச் சொன்னார். கோபம் எதுவும் இல்லை; மூன்றாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கமாக வைத்தார். ‘பெற்றோர், அண்ணன், டியூஷன் ஆசிரியர், மென்பொருள் என யார் எழுதித் தந்த வாக்கியமும் பிறர் எழுத்தே. எழுத்துப்பிழை சொல்லலாம், கேள்வி கேட்கலாம், வாக்கியம் தரக்கூடாது.’ கீழே என் கையெழுத்து, வளைவு சுழிவோடு.

நாம் படித்த முறையில் கைடில் இருப்பதை அடிபிறழாமல் எழுதுகிறவன் கெட்டிக்காரன். ஒரு சொல் மாறினால் ‘சொந்தச் சரக்கா’ என்று பிரம்பு வரும். இங்கே சொந்தச் சரக்கு இல்லையென்றால் சுழியம். அந்த மேசையில் நான் அப்பாவாக உட்கார்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாத்தியார் முன் கையை நீட்டிக்கொண்டு நின்ற பையனாகத்தான் தோன்றியது. ஆனாலும் ஒன்று கேட்டுவிட்டேன்: ஒன்பதாம் வகுப்பு முடிவில் எழுதும் மாநிலத் தேர்வில் பிள்ளைகளின் கட்டுரையை 2023 டிசம்பரிலிருந்து பெரும்பாலும் கணினிதானே திருத்துகிறது, சுமார் கால்வாசி மட்டும்தானே மனிதர் கைக்குப் போகிறது, அங்கே யாருடைய குரலை யார் கேட்கிறார்கள்? ஆசிரியை சிரித்துவிட்டார். ‘அதனால்தான் என் வகுப்பில் நான் கேட்கிறேன்’ என்றார். எனக்கு அதற்குமேல் வாதம் இல்லை.

உனக்கு நான் சிபாரிசு செய்வது நான்காம் பக்கத்தில் இருக்கிறது: தவறியவருக்கு மறு வாய்ப்பு. மீண்டும் எழுதலாம், அதிகபட்சம் 70. முதலில் படித்தபோது செல்லம் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் சும்மா கொடுப்பதில்லை. முதல் கட்டுரையில் என்ன தவறு என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுத்த பிறகுதான் மறு வாய்ப்பு. உன் வகுப்பில் கணினி இல்லாவிட்டால் என்ன, வரைவுத் தாளையும் சேர்த்து வாங்கு. அடித்தல் திருத்தல் இல்லாத வரைவை நம்பாதே. அறுபது பேர் வகுப்பில் எல்லாவற்றையும் படிக்க முடியாது என்பாய், தெரியும். வாரம் பத்துத் தாளை எடுத்துப் பாரேன்.

வெள்ளிக்கிழமையோடு இந்தப் பருவத்தின் மதிப்பெண் மூடப்படுகிறது. பக்கத்து அறையில் இப்போது மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு சொல்லுக்கு எழுத்துக் கேட்டாள். ‘அகராதியைப் பார்’ என்றேன். ‘எழுத்துப்பிழை சொல்லலாம் அப்பா, மூன்றாம் பக்கம்’ என்றாள்.

இனி கல்யாணம். 90 விழுக்காடு நாள் வகுப்பில் இல்லாவிட்டால் அந்தப் பாடமே கணக்கில் சேராது என்று இந்த மாநிலத்தில் விதி. ஓர் அரையாண்டுக்கு எட்டு ஒன்பது நாள்தான் மிச்சம்; காய்ச்சலுக்கும் அதில்தான் எடுக்க வேண்டும். அதனால் நானும் மனைவியும் பெரியவனும் பொங்கலுக்கு முன்பே வந்துவிடுகிறோம். சின்னவள் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் தனியாக வருகிறாள். சென்னையில் நான் போய் அழைத்துக்கொள்கிறேன். நீ பந்தல் வேலையை விட்டுவிட்டு அலையாதே. கிளாரினெட்டையும் கொண்டுவருவாள். உங்கள் நாதஸ்வரக்காரர் முன்னால் வாசிக்கச் சொல்லி அவளை வம்பிழுக்காதே.

தங்கச்சிக்கும் மணப்பெண்ணுக்கும் எங்கள் அன்பு.

உன் பழைய பெஞ்சுத் தோழன்